மூன்று தீவு வேண்டாம், ஒன்று போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏதென்ஸ் போகிறவர்கள் ஒரே நாளில் மூன்று கிரேக்கத் தீவுகளைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகு. ஆனால் துறைமுகத்தில் எந்த வாசலில் ஏறுவது, காற்று அடித்தால் என்ன ஆகும், கடைசிக் கப்பலை விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க நம் நீலகிரி மலையிலிருந்து போகும் பெற்றோர் பலர், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கையில் இருக்கிறதே என்று நான்கு நாள் கிரேக்கமும் போய்வருகிறார்கள். அவர்களை மனதில் வைத்து, பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரை சொன்ன மூன்று தீவுச் சுற்று, ஹைட்ரா, போரோஸ், ஏஜினா மூன்றையும் ஒரே உல்லாசக் கப்பலில் தொட்டுவிட்டு வருவது. காலையில் ஓட்டல் வாசலில் பஸ் ஏற்றுவதிலிருந்து இரவு கொண்டுவந்து இறக்குவது வரை ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அதில் கரையில் கால் படும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஹைட்ராவில் ஒன்றரை மணி, போரோஸில் அதில் பாதி, ஏஜினாவில் மறுபடி ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு மணி. மீதியெல்லாம் கப்பலுக்குள் சாப்பாட்டு வரிசையும் ஆட்டம் பாட்டமும்தான். சமவெளியிலிருந்து ஒருநாள் வேனில் வருகிறவர்கள் தொட்டபெட்டாவில் இருபது நிமிடம், படகு இல்லத்தில் அரை மணி என்று மூச்சிரைக்க ஓடுவதை நாம் தினமும் பார்க்கிறோம். அதே ஓட்டம்தான் இது, கடலில் ஓடுகிறது, அவ்வளவுதான். அதிகம் நடக்க முடியாதவர்கள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம். அவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. மற்றவர்கள் உள்ளூர் மக்கள் போகும் சாதாரணக் கப்பலில் ஏஜினா ஒன்றுக்கு மட்டும் போய்வந்தால் செலவும் குறையும், ஒரு தீவை முழுசாகப் பார்த்ததாகவும் இருக்கும்.

முதலில் பெயர். ஏஜினா என்று நாம் எழுதினாலும் கிரேக்கர்கள் ‘ஏயினா’ என்றுதான் சொல்கிறார்கள். கப்பலில் அறிவிப்பு வரும்போது காது அதற்குப் பழகியிருக்க வேண்டும். ஏனென்றால் ஏஜினாவோடு முடியாமல் அங்கிருந்து ஆங்கிஸ்திரி, மெத்தானா, போரோஸ் என்று மேலே போகும் கப்பல்களும் உண்டு. ஏஜினாவில் சில நிமிடம்தான் நிற்கும். கண் அசந்தால் மெத்தானாவில் போய் விழிக்க வேண்டியதுதான். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தீவில் ஏஜினா நகரத் துறைமுகம் தவிர சுவாலா, அயியா மரீனா என்ற சிறு துறைகளும் உள்ளன; சில பருவங்களில் அங்கேயும் படகு போகும். டிக்கெட் எடுக்கும்போது ஏஜினா நகரம் என்று இருக்கிறதா பாருங்கள். பஸ் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கப்பல் ஏறும் இடம் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகம். இதை மேட்டுப்பாளையம் பஸ் நிலையம் மாதிரி ஒரே வளாகம் என்று நினைத்துப் போனால் கப்பலை விட்டுவிடுவீர்கள். குதிரை லாடம் போல வளைந்த துறைமுகத்தைச் சுற்றி ஈ-1 முதல் ஈ-12 வரை வாசல்கள் பரவியிருக்கின்றன. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவது நல்ல தூரம். கிரீட் தீவுக்கு ஒரு வாசல், சைக்ளேட்ஸ் தீவுகளுக்கு ஒரு வாசல். ஏஜினாவுக்குப் போகும் வழக்கமான கப்பல்கள் நிற்பது ஈ-8. விரைவுப் படகுகள் சில பக்கத்து ஈ-9இலிருந்தும் கிளம்பும். டிக்கெட்டில் அச்சான வாசல் எண்ணே முடிவு. ஏதென்ஸ் நடுவில் மொனஸ்திராக்கி நிலையத்தில் மெட்ரோவின் பச்சை வழி ஏறினால் பிரேயஸில் போய் முடியும். நீல வழியும் 2022 அக்டோபரிலிருந்து பிரேயஸ் வரை வருகிறது. விமான நிலையத்திலிருந்து மாறாமலே வரலாம். நகரத்துக்குள் 90 நிமிடம் செல்லும் சாதாரண டிக்கெட் 1.20 யூரோ, விமான நிலைய டிக்கெட் 9 யூரோ. நிலையத்தை விட்டு வெளியே வந்து கடலைப் பார்த்து நின்றால் ஈ-8 இடது கைப் பக்கம், சாவகாசமாக நடந்தால் பத்து நிமிடம். கூட்டமான மெட்ரோவில் பர்ஸ் பின்பாக்கெட்டில் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் உள்சட்டைப் பையில் இருக்கட்டும்.

டிக்கெட்டை வாசலில் உள்ள கூண்டுக் கடைகளிலும் எடுக்கலாம், இணையத்திலும் எடுக்கலாம். சாதாரண நாட்களில் முன்பதிவு தேவையில்லை. வெள்ளி மாலை போவதற்கும் ஞாயிறு மாலை திரும்புவதற்கும், ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டிய நாட்களுக்கும், அவர்களுடைய ஈஸ்டர் வாரத்துக்கும் கட்டாயம் தேவை. அவர்களுடைய ஈஸ்டர் பெரும்பாலான ஆண்டுகளில் நம் ஊர்ச் சர்ச்சுகளில் கொண்டாடும் ஈஸ்டரோடு ஒத்துவராது. நாட்காட்டியைத் தனியாகப் பார்க்க வேண்டும். இணையப் படிவத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறவர்களுக்குப் படிவம் அந்த இடத்தில் நகராது. அவசரத்தில் வாயில் வந்த பெயரைப் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டால் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராது.

இரண்டு வகைக் கப்பல்கள் போகின்றன. ஒன்று, கார், லாரி எல்லாம் ஏற்றும் பெரிய கப்பல். ஏறக்குறைய 17 கடல் மைல் தூரத்தை ஒன்றேகால் மணியில் கடக்கும். இன்னொன்று ஹைட்ரோஃபாயில். வயிற்றுக்கு அடியில் சிறகு போன்ற தகடுகள் இருக்கும். வேகம் பிடித்ததும் அந்தத் தகடுகள் உடலையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். தண்ணீர் உடலைப் பிடித்து இழுப்பது குறைவதால் நாற்பது நிமிடத்தில் போய்விடும். கட்டணம் அதிகம். மிச்சமாகும் நேரம் அரை மணி சொச்சம். அதற்காகப் பஸ் மாதிரி மூடிய அறையில், உப்பு படிந்த கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்க வேண்டும். பெரிய கப்பலில் மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம், கையில் காப்பி இருக்கும், பின்னால் கடற்பறவைகள் வரும். போகும்போது பெரிய கப்பல், திரும்பும்போது களைப்பாக இருந்தால் விரைவுப் படகு என்று வைத்துக்கொள்வது என் கணக்கு. ஆனால் காற்று வந்தால் முதலில் நிறுத்தப்படுவது இந்தச் சிறகுப் படகுதான். அலை உயர்ந்தால் தகடு தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும், தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல் உடல் ‘தொப்’பென்று விழும். அதனால் அதற்கு அனுமதிக்கப்படும் காற்றின் அளவு குறைவு.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் குன்னூர் ரயில் நிற்கும் என்பது நமக்குப் பழகிய கதை. அங்கே ஜூலை, ஆகஸ்டில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனால் கப்பல் நிற்கும். காரணம் மெல்தெமி என்ற வடகாற்று. ஏஜியன் கடலில் கோடையில் நாள்கணக்கில் வீசும். வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. கிரேக்க வானிலை அறிக்கை காற்றை பொஃபோர் அளவில் சொல்லும். 5 என்றால் மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர், 6 என்றால் 39 முதல் 49, 7 என்றால் 50 முதல் 61, 8 என்றால் 62க்கு மேல். கப்பலை நிறுத்துவது கப்பல் கம்பெனி அல்ல, துறைமுகக் காவல்துறை. கப்பலின் வகையையும் கடற்பகுதியையும் பார்த்துத் தடை போடுவார்கள். ஏஜினா இருக்கும் சரோனிக் வளைகுடா நிலத்தால் சூழப்பட்டது, திறந்த ஏஜியனை விடச் சாது. அதனால்தான் முதல் தடவை போகிறவர்களுக்கு திறந்த ஏஜியனில் இருக்கும் மிக்கோனோஸ் தீவையோ சான்டோரினி தீவையோ ஒருநாள் பயணமாகச் சொல்வதில்லை. முந்தைய நாள் மாலை அறிக்கையில் 6 என்று இருந்தால் பெரிய கப்பலுக்கே டிக்கெட் எடுங்கள். 7, 8 என்றால் அக்ரோபோலிஸ் மியூசியத்துக்குப் போங்கள்.

காற்றைத் தவிர வேலைநிறுத்தமும் உண்டு. கப்பல் ஊழியர் சங்கம் 24 மணி நேர நிறுத்தம் அறிவித்தால் எந்தத் துறையிலும் ஒரு கப்பல் அசையாது. மே 1 அன்று தீவுப் பயணத்தை வைக்காமல் இருப்பது நல்லது. எதுவானாலும் கப்பல் ரத்தானால் பணம் போயிற்று என்று விட்டுவிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு 1177ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, புறப்பாடு ரத்தானாலோ 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, அடுத்த கப்பலா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கு உண்டு. மோசமான வானிலையால் நின்றால் நஷ்டஈடு கிடைக்காது, ஆனால் டிக்கெட் காசு கிடைக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் கவுன்ட்டரில் சண்டை போடுகிறவர்களும் உண்டு, கேட்காமலே வந்துவிடுகிறவர்களும் உண்டு.

வாந்தி விஷயத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு தப்பான தைரியம் இருக்கிறது. பர்லியாறு வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு தினம் ஏறி இறங்குகிறோம், கல்லட்டியில் முப்பத்தாறு, கடல் என்ன செய்துவிடும் என்பார்கள். வளைவுக்குப் பழகிய உடம்பு அலைக்குப் பழகியதாக அர்த்தமில்லை. இரண்டிலும் கோளாறு ஒன்றுதான்: உள்காது ஆட்டத்தை உணர்கிறது, பக்கத்துச் சுவரைப் பார்க்கும் கண் ஆட்டமே இல்லை என்கிறது, மூளை குழம்புகிறது. ஆனால் தீர்வில் ஒரு வித்தியாசம் உண்டு. காட் ரோட்டில் பஸ்ஸின் முன் சீட் நல்லது. கப்பலில் முன்பக்கம்தான் மோசம். ஏற்ற மரம் போல முனைகள் தூக்கிப் போடும், நடு அசையாது. ஆகவே நடுப்பகுதியில், முடிந்தவரை கீழான தளத்தில், வெளியே தொடுவானம் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். கைபேசியைப் பார்க்காதீர்கள். நம் பஸ் நிலையங்களில் கேட்டு வாங்கும் அவோமின் மாத்திரை இதற்கும் உதவும், ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை; ஏறுவதற்கு ஒரு மணி, இரண்டு மணி முன்னால் போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்த நோயோ புராஸ்டேட் தொல்லையோ உள்ள முதியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. இஞ்சி மரப்பா நாலு துண்டு பையில் இருக்கட்டும். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

ஏறும் முறையும் கொஞ்சம் புதிதாக இருக்கும். கப்பல் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி நிற்கும். பாலம் போல ஒரு பெரிய இரும்புத் தட்டு இறங்கும். கார், பைக், லாரி, மனிதர் எல்லாம் அதே தட்டில்தான். ஓரமாக நடங்கள், ஈரத்தில் வழுக்கும், இறுகி நிற்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். உள்ளே போனதும் பயணிகள் தளத்துக்குச் செங்குத்தான இரும்புப் படி. பழைய கப்பல்களில் லிஃப்டை நம்ப வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களை முதலிலேயே ஏற்றிவிடுங்கள். பெரிய பையைக் கீழேயே வைக்கலாம். மாத்திரை, சால்வை, பாஸ்போர்ட் மேலே கையோடு வரட்டும், கப்பல் கிளம்பியபின் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். உட்கார்ந்ததும் உயிர்காப்பு உடை எங்கே என்று சுவரில் பாருங்கள். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அது வணக்கம் சொல்வதல்ல, அபாய அறிவிப்பு. இறங்கும்போது, துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்த உடனே கீழே வந்து நிற்க வேண்டும். தட்டு இறங்கிய பிறகு படியில் இறங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், ஏற வரும் கூட்டம் எதிரே வந்து மோதும்.

இனித் தீவு. சுமார் 87 சதுர கிலோமீட்டர். சின்னதுதான், ஆனால் ஒரு நாளில் முழுவதும் பார்க்க முடியாது. பஸ் வழிகள் இரண்டு முக்கியம். ஒன்று கிழக்கே, அஃபாயா கோயில் வழியாக அயியா மரீனா கடற்கரைக்கு. இன்னொன்று தெற்கே, பெர்திக்கா என்ற மீனவர் ஊருக்கு. இரண்டும் துறைமுகத்தை ஒட்டிய சதுக்கத்திலிருந்து கிளம்புகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேரே போக வழியில்லை, நகரத்துக்குத் திரும்பி வந்துதான் மாற வேண்டும். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரிவதை நம்பி இரண்டையும் வைத்துக்கொண்டால் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். கோயில் பிடித்தவர்கள் கிழக்கு, கடலும் மீனும் பிடித்தவர்கள் தெற்கு. கப்பலை விட்டு இறங்கியதும் காப்பிக் கடையில் உட்காராமல் நேரே சதுக்கத்துக்குப் போய் பஸ் நேரப் பலகையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் நேரத்தை விடத் திரும்பும் நேரம்தான் முக்கியம்.

கிழக்கு வழி என் சிபாரிசு. கோயில் நகரத்திலிருந்து பதிமூன்று கிலோமீட்டர், அரை மணி. பாதி வழியில் புனித நெக்தாரியோஸ் மடம். 1920இல் இறந்த இந்தப் பேராயரை 1961இல் புனிதராக அறிவித்தார்கள். நோய் தீர வேண்டி நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். கல்லறையில் காதை வைத்துக் கேட்டால் அவர் நடக்கும் சத்தம் கேட்கும் என்பது நம்பிக்கை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார், வேட்டி எதுவும் சிக்கலில்லை, அரைக்கால் சட்டைதான் சிக்கல். அங்கிருந்து மேலே ஏறினால் பைன் மரங்களுக்கு நடுவே அஃபாயா கோயில். கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டியது, ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலை விடவும் மூத்தது. அகலத்தில் 6 தூண், நீளத்தில் 12. வெளித் தூண்களில் மூன்றைத் தவிர மற்றவை ஒவ்வொன்றும் ஒரே கல். அடுக்கி வைத்த தூண்களையே கிரேக்கத்தில் அதிகம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். முகப்பில் இருந்த பளிங்குச் சிலைகள் அங்கே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரியாவுக்குப் போய், இப்போது மியூனிக் நகர கிளிப்டோதெக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மியூனிக்கில் பிள்ளை இருக்கிற பெற்றோர் அங்கேயும் போய்ப் பார்த்தால் கோயில் முழுமையாகும். இந்தக் கோயிலும் பார்த்தினனும் சூனியோன் கோயிலும் ஒரு முக்கோணம் என்று வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். ஒரே கோட்டில் இல்லாத எந்த மூன்று புள்ளியும் முக்கோணம்தான்.

வெயிலைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உயரத்தில் குளிருக்குப் பழகிய உடம்பு நம்முடையது. ஜூலையில் அங்கே 35 டிகிரியைத் தாண்டும். 2023, 2024 வெப்ப அலைகளில் அக்ரோபோலிஸையே உச்சிப்பொழுதில் மூடினார்கள். கோயிலை பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் வேறு மாதிரி: பிற்பகலிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் இருக்கலாம். நம்மவர்களுக்கு ஏற்ற காலம் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அப்புறம் செப்டம்பர் நடு முதல் அக்டோபர். ஏப்ரலில் மேல்தளக் காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும், அது நம் வீட்டில் எப்படியும் இருக்கும்.

ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். நம் ஊர் வளைவில் ஓட்டியவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று எடுத்துவிடாதீர்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வளைவில் கை பழைய பழக்கத்துக்கு இழுக்கும். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அதில் இருசக்கர வாகனப் பிரிவு இருக்க வேண்டும். கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் எடுத்து விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். கிகாந்தெஸ் என்று கேளுங்கள். நம் மலைப் பட்டர் பீன்ஸின் பெரியண்ணன், தக்காளியில் வெந்து வரும். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பு மசியல், ஏறக்குறைய நம் கடைந்த பருப்பு. ஹோர்த்தா, வேகவைத்த கீரை, எலுமிச்சை பிழிந்தது. கெமிஸ்தா என்ற தக்காளிக்குள் வைத்த சோற்றில் கொத்துக்கறி கலப்பவர்களும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு சொல்லில் மட்டும் ஜாக்கிரதை. நிஸ்திசிமோ என்றால் விரத உணவு. இறைச்சி, பால், முட்டை இருக்காது. அதை நம்பித் தட்டில் கை வைத்தால் கணவாயும் இறாலும் இருக்கும், ஏனென்றால் ரத்தமில்லாத கடலுயிர் அவர்கள் விரதத்தில் சேர்த்தி. கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் பில்லில் காசு உண்டு. தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறையில் காகிதத்தைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகியவை. போட்டு அடைத்தால் அவமானம் நமக்கு.

திரும்பும் கப்பலைப் பற்றி ஒரே விதி: கடைசிக் கப்பலுக்கு முந்தைய கப்பலில் வாருங்கள். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு கட்டபெட்டுச் சந்திப்பில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே லாரிக்காரரைக் கை காட்டி நிறுத்தவும் முடியாது. முந்தைய கப்பல் ரத்தானாலும் கடைசிக் கப்பல் மிச்சம் இருக்கும். கடைசியே ரத்தானால் ராத்திரி தீவில் அறை தேட வேண்டும். இதனாலேயே, இந்தியா திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் தீவுப் பயணம் வைக்கவே கூடாது. தொடக்கத்திலோ நடுவிலோ வையுங்கள். கப்பல் நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். போன வருடம் போய்வந்தவர் சொன்ன நேரம் உதவாது.

கிரேக்கம் இல்லாமல் இத்தாலியோ மால்டாவோ போகிறவர்களுக்கு இரண்டு வரி. நேப்பிள்ஸிலிருந்து கப்ரிக்கு விரைவுப் படகுகள் பெவெரெல்லோ துறையிலிருந்தும், வண்டி ஏற்றும் மெதுவான கப்பல்கள் போர்த்தா தி மாஸா துறையிலிருந்தும் போகின்றன. இரண்டும் வேறு வேறு இடம், மாறி நின்றால் கப்பல் கண்முன்னே போகும். அங்குள்ள நீலக் குகையின் வாய் ஒரு மீட்டர் உயரம்தான், கடல் கொஞ்சம் எழும்பினாலும் மூடிவிடுவார்கள். அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். மால்டாவிலிருந்து கோசோ தீவுக்கு சிர்க்கெவ்வாவில் கப்பல் ஏறினால் இருபத்தைந்து நிமிடம், போகும்போது டிக்கெட்டே கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் காசு. இரவும் பகலும் ஓடுவதால் கடைசிக் கப்பல் பயமும் இல்லை. முதியவர்களோடு போக இதைவிடச் சுலபமான தீவு எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள கொமினோ தீவின் நீல நீர்ப்பரப்புக்கு மட்டும் 2025 கோடையிலிருந்து முன்பதிவு செய்து கையில் பட்டை கட்டிக்கொண்டுதான் இறங்க முடியும். நம் மலைக்கு இ-பாஸ் வந்தபோது உலகத்தில் எங்கே இருக்கிறது இப்படி என்று கேட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஏஜினாவிலிருந்து வாங்கி வர வேண்டியது பிஸ்தா. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பூர்விகப் பெயர் முத்திரை பெற்றது, அதாவது அங்கே விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். துறைமுகத்திலேயே விவசாயிகள் கூட்டுறவின் கடை இருக்கிறது. அறுவடை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். ஜூலையில் வாங்குவது போன வருடச் சரக்கு. கெட்டதல்ல, ஆனால் புதியது என்று சொல்லி விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். உப்புப் போட்டு வறுத்ததாக, வாய் தானே பிளந்ததாகப் பார்த்து வாங்குங்கள். பையில் உடைமாற்றுத் துணிக்கு நடுவே வைத்தால் விமானத்தில் நொறுங்காது. நம் ஊருக்கு வந்ததும் அன்றைக்கே காற்றுப் புகாத டப்பாவில் மாற்றிவிடுங்கள். குன்னூர் மூடுபனியில் பிரித்த பாக்கெட் ஒரு வாரம் தாங்காது, நமத்துப்போகும்.

இனி இப்படிக் கட்டுரை போடும்போது அதன் அடியில் துறைமுக வாசல் எண், பயண நேரம், எந்த மாதத்தில் கப்பல் உண்டு என்ற மூன்றையும் நாலு வரியில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டாளர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.